உறையா, ஒப்புரவா?

பழுதுபட்ட ஒரு பொருளைக் காணும்போது மனித மனம் மூன்று வழிகளை எண்ணுகிறது. பழுதை மறைத்துவிடலாம், பொருளை எறிந்துவிட்டு வேறொன்று வாங்கலாம், அல்லது பழுது பார்க்கலாம். இம்மூன்றில் இறுதியாகச் சொன்னதே கடினமானது. அது நேரத்தையும் பொறுமையையும் கேட்கிறது. அவற்றுக்கும் மேலாக, பழுது எவ்வளவு ஆழமானது என்பதை நேருக்கு நேர் நோக்கும் துணிவைக் கேட்கிறது. பொருள்களைப் பற்றிய இவ்வுண்மை, குடும்பங்களுக்கும் திருச்சபை என்னும் பெருங்குடும்பத்துக்கும் எந்த அளவு பொருந்தும்? இதைச் சிந்திக்க நாம் மிக எளிய பொருள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். அது பழைய கார் ஒன்றின் வெடித்துப்போன ஸ்டியரிங்.

உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவான அம்பாசிடர், பம்பாயில் உருவான பியட், 1960களில் நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இவற்றுக்கும் முன்னர் கப்பலில் வந்திறங்கிய மாரிஸ் மைனர், ஆஸ்டின் முதலிய கார்கள் இன்றும் சில வீடுகளில் அன்போடு பேணப்படுகின்றன. அவற்றின் ஸ்டியரிங் இக்காலத்துக் கார்களில் உள்ளதைவிடப் பெரியது, மெல்லியது. கைக்கு உதவி செய்யும் 'பவர் ஸ்டியரிங்' இல்லாத காலம் அது. வளையம் பெரிதாக இருந்தால்தான் ஓட்டுபவரின் கைகளுக்கு நெம்புகோலின் வலிமை கிட்டும். அந்த வளையத்தில்தான் காலம் தன் கணக்கை எழுதி வைக்கிறது. பிடியில் குறுக்காகவும், நடுக் கம்பிகள் வந்து சேரும் இடங்களிலும், மயிரிழை போலத் தொடங்கி நகம் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் விரிகின்றன.

வளையத்தின் இயல்பு

இந்த வெடிப்பு ஏன் ஏற்படுகிறது? ஓட்டுநரின் முரட்டுத்தனம் என்று எண்ணுவது எளிது. உண்மை வேறு. அக்காலத்து ஸ்டியரிங்கின் உள்ளே எஃகுக் கம்பி வளையம் ஒன்று இருக்கும். அதன்மேல் கடின ரப்பரோ கடினப் பிளாஸ்டிக்கோ வார்க்கப்பட்டிருக்கும். எஃகு வலிமை தரும். மேற்பூச்சு கைக்கு இதம் தரும். இரண்டும் ஒன்றுக்கொன்று தேவையானவை. ஆயினும் இரண்டின் இயல்பும் ஒன்றன்று.

விட்டம் 40 சென்டிமீட்டர் உள்ள வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 125 சென்டிமீட்டர். விடியற்காலைக் குளிருக்கும், மே மாத நண்பகலில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் உட்சூட்டுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு என்று கொள்வோம். அந்த வெப்பத்தில் எஃகு வளையம் நீள்வது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மேலுள்ள பிளாஸ்டிக்கோ ஐந்து மடங்குக்கும் மேலாக நீள முயலும். மாலையில் இரண்டும் மீண்டும் சுருங்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நடைபெறும் இழுபறி இது. போதாததற்கு, ஆண்டுகள் செல்லச் செல்லப் பிளாஸ்டிக் தன்னுள் இருந்த மென்மையூட்டும் பொருளை இழந்து நிரந்தரமாகவே சுருங்குகிறது. உள்ளே இருக்கும் எஃகு அதற்கு இடம் கொடுப்பதில்லை. சுருங்க இடமில்லாதது வெடிக்கிறது.

ஆக, இங்கே குற்றவாளி என்று எவரையும் சுட்ட முடியாது. வேறுபட்ட இயல்புடைய இரண்டு, பிரிக்க முடியாதவாறு பிணைக்கப்பட்டு, ஒரே வெயிலில் நிற்கின்றன. குடும்ப வாழ்வை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மாமியாரும் மருமகளும், மூத்தவரும் இளையவரும், கணவனும் மனைவியும் ஒரே துன்பத்தை ஒரே அளவில் தாங்குவதில்லை. ஒருவர் அரை மில்லிமீட்டர் அசையும் இடத்தில் மற்றவருக்கு மூன்று மில்லிமீட்டர் தேவைப்படுகிறது. விரிசல்கள் அனைத்துக்கும் தீய மனமே காரணம் என்று எண்ணிவிட்டால், பழுது பார்ப்பதற்கு முன்னரே தண்டிக்கத் தொடங்கிவிடுவோம். முதலில் வேண்டியது தீர்ப்பன்று, புரிதல்.

உறையின் வசதி

வெடித்த ஸ்டியரிங்குக்கு நம் ஊர்களில் வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் உறை. ரெக்சின் உறையொன்றை வாங்கி, வளையத்தின்மேல் இழுத்துப் போர்த்தி, நூலால் கோத்துக் கட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கண்ணுக்கு அழகு, கைக்கு மென்மை, செலவும் குறைவு. ஆனால் உறைக்கு அடியில் நடப்பது வேறு. கையின் வியர்வையும் மழைக்கால ஈரமும் நூல் துளைகளின் வழியே இறங்குகின்றன. உலர வழியின்றி விரிசலுக்குள் தங்குகின்றன. எஃகு துருப்பிடிக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. எனவே அது உள்ளிருந்தே விரிசலை மேலும் நெம்பித் திறக்கிறது. ஒரு வளைவில் உறை வழுக்கித் திரும்பும் நாளில்தான் உரிமையாளர் கலக்கமுறுகிறார்.

உறுதியற்ற சுவரின்மேல் வெள்ளையடித்துக் கொடுத்த பொய்யான இறைவாக்கினர்களை எசேக்கியேல் தம் நூலின் 13ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். மழை பொழியும்போது சுவரும் விழும், பூசிய சுண்ணாம்பும் விழும் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை. சுவர் உறுதியற்றதாக இருந்ததற்காக அவர் அம்மனிதர்களைக் குறை கூறவில்லை. உறுதியற்றது உறுதியானதாகத் தோன்றும்படி செய்ததற்காகவே குறை கூறினார்.

இரண்டாவது வழியான எறிந்துவிடுதலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில பழைய கார்களுக்குப் புதிதாக வார்த்த ஸ்டியரிங்குகள் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கி மாட்டுவதில் பாவம் ஏதுமில்லை. தந்தையின் உள்ளங்கை ஐம்பது ஆண்டுகள் தேய்த்த வழவழப்பு அதில் இராது, அவ்வளவுதான். ஆனால் பொருளுக்கு மாற்று உண்டு என்பதால் மனிதருக்கும் மாற்று உண்டு என்று எண்ணப் பழகுகிறோமே, அங்கேதான் ஆபத்து. சொத்துப் பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனுக்குப் பதிலாக வேறோர் அண்ணனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரும்பு தெரியும்வரை

எஞ்சியிருப்பது பழுது பார்த்தல். கைதேர்ந்தவர் அதை எவ்வாறு செய்கிறார் என்று கவனிப்போம்.

முதலில் அவர் வளையத்தைக் கழுவுகிறார். பல்லாண்டுகளின் வியர்வை, எண்ணெய், மெழுகு அனைத்தும் நீங்க வேண்டும். அழுக்கின்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. கழுவியபின், முன்னர் கண்ட நான்கு விரிசல்கள் ஏழாகத் தெரிவதும் உண்டு. அடுத்து அவர் செய்வது, அறியாதவரைத் திடுக்கிட வைக்கும். ரம்பத்தையும் அரத்தையும் எடுத்து, ஒவ்வொரு விரிசலையும் மேலும் வெட்டி அகலப்படுத்துகிறார். மேலே அகன்றும் கீழே குறுகியும் ஆப்பு வடிவில், உள்ளே எஃகு கண்ணில் படும்வரை வெட்டுகிறார். தளர்ந்த பகுதிகளைப் பெயர்த்தெடுக்கிறார். எஃகின் துருவைச் சுரண்டுகிறார். இந்நிலையில் பார்ப்பவர்கள், இவர் சரிசெய்ய வந்தவரா சிதைக்க வந்தவரா என்று ஐயுறுவார்கள்.

காரணம் எளியது. மயிரிழை விரிசலின் மேல் பசையைத் தடவினால், அது வாயில் மட்டுமே நிற்கும்; ஆழத்துக்கு இறங்காது. அடுத்த கோடையில் அதே இடம் மீண்டும் திறக்கும். அகலமாகத் திறந்த இடத்தில்தான் நிரப்பும் பொருள் இரு பக்கச் சுவர்களையும் அடியிலுள்ள எஃகையும் பற்றிக்கொள்கிறது. இதற்கு உகந்தது எப்பாக்சி வகைப் பசை. அரால்டைட், எம்-சீல் என நம் கடைகளில் கிடைப்பவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. காரின் தகட்டுக்குப் பூசும் சாதாரணப் பட்டி விரைவில் காயும், எளிதில் தேய்க்கவும் வரும். ஆயினும் கையின் இழுப்பையும் வெயிலின் இழுப்பையும் நீண்ட நாள் தாங்காது. எப்பாக்சியின் இரு பகுதிகளையும் சரியான அளவில் கலந்து, பள்ளத்தைச் சற்று மேடாகவே நிரப்பி, முழுமையாக இறுக ஒரு நாள் விட்டுவிட வேண்டும். பிறகு அரம்; பிறகு முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மென்மையானது வரை, படிப்படியாகத் தேய்ப்பு. தேய்த்தபின் விரலால் தடவிப் பார்த்து, ஊசித் துளை அகப்பட்டால் மீண்டும் நிரப்பி, மீண்டும் காத்திருப்பு. அனைத்தும் முடிந்தபின்னரே பிரைமரும் வண்ணமும்.

ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றித் திருச்சபை கற்பிப்பது இதற்கு மிக அருகில் உள்ளது. நோயாளி தன் காயத்தை மருத்துவரிடம் காட்ட வெட்கப்பட்டால், மருத்துவம் தான் அறியாததைக் குணமாக்காது என்னும் கருத்தைப் புனித ஜெரோம் கூறினார். 1551இல் திரெந்து பொதுச்சங்கம் அதை எடுத்தாண்டு, சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாக அறிக்கையிட வேண்டும் என்று வலியுறுத்தியது. 'நான் பாவி' என்று பொதுவாகச் சொல்வது மயிரிழை விரிசலின்மேல் பசை தடவுவதற்கு ஒப்பானது. 'இன்னாருக்கு இதைச் செய்தேன்' என்று பெயரிட்டுச் சொல்லும்போதுதான் இரும்பு தெரிகிறது. அது வலிக்கும். அந்த வலியைக் கண்டு, ஒப்புரவே உறவைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நம் தமிழகத் திருச்சபையின் வளையத்தில் குறுக்காக ஓடும் ஆழ்ந்த விரிசல் ஒன்று உண்டு. அதன் பெயர் சாதி. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நனைந்தவர்களுக்குத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும், ஒரே தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவர்களும், தேர் செல்லாத தெருக்களும் நம் ஊர்களில் புகுந்த வரலாற்றை அறியாதார் இல்லை. இதைப் பற்றிப் பேசினால் பங்கு பிளவுபடும், திருவிழா நேரத்தில் எதற்கு, என்று சொல்லி நாம் எத்தனை உறைகளைத் தைத்திருக்கிறோம்! 2003ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி அடிப்படையிலான பாகுபாட்டின் சாயல் எதுவும் உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்றும், நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்றும் வெளிப்படையாக உரைத்தார். அவர் பிளவை உண்டாக்கவில்லை; இருந்த பிளவின் வாயை அகலத் திறந்து காட்டினார். அவ்விடத்தில் எதை நிரப்பப் போகிறோம் என்பது நம் பொறுப்பு. சமபந்தி விருந்தொன்றை ஆண்டுக்கொருமுறை நடத்துவது விரைவில் காயும் பட்டியாகவே முடியும். கல்லறைச் சுவரை இடிப்பதும், பங்குப் பேரவையில் சம இடம் தருவதும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இறுகுவதற்குக் காலம் பிடிக்கும், ஆனால் நிலைக்கும்.

எஃகே முறிந்தால்

பழுது பார்த்தலைப் போற்றும்போது ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். திறந்து பார்க்கையில் உள்ளிருக்கும் எஃகு வளையமே முறிந்திருந்தாலும், நடுவில் தண்டோடு இணையும் பற்கள் தேய்ந்திருந்தாலும், நேர்மையுள்ள தொழிலாளி அங்கே நிறுத்திவிடுவார். 'பசை போட்டு அழகாக்கித் தருகிறேன்' என்று சொல்லமாட்டார். ஏனெனில் ஸ்டியரிங் அலங்காரப் பொருளன்று. வண்டியில் இருப்பவர்களின் உயிரும், சாலையில் நடப்பவர்களின் உயிரும் அதில் தொங்குகின்றன.

சமரசம் பேசும் பெரியவர்களும், அருள்பணியாளர்களும் இதை மனத்தில் கொள்வது நன்று. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம், 'மன்னித்து, பொறுத்துப் போ அம்மா' என்று ஒரு பெண்ணை மீண்டும் அனுப்பிவைப்பது ஒப்புரவாகாது. முறிந்த எஃகின்மேல் வண்ணம் பூசி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டச் சொல்வது அது. திருமணப் பிணைப்பை இவ்வளவு உயர்வாகப் போற்றும் திருச்சபையே, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலும் உடலிலும் பெரும் ஆபத்தை விளைவிப்பவரைவிட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1153ஆம் சட்டத்தில் இடமளித்திருக்கிறது. மன்னிப்பு உள்ளத்தில் உடனே மலரலாம். பாதுகாப்பு உறுதியாகும்வரை வண்டி நின்றே இருக்கலாம். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

வண்ணத்தின் அடியில்

இனி நாம் தொடக்கத்திலிருந்தே தள்ளிவைத்த வினா ஒன்று. பழுது நன்றாக முடிந்து, வண்ணமும் பூசியாயிற்று. விரிசல் இருந்த இடம் எவர் கண்ணுக்கும் தெரியாது. அப்படியானால் இந்த வண்ணமும் ஓர் உறைதானே? உறையைக் கண்டித்த நாம் வண்ணத்தை எப்படி ஏற்பது?

பழம்பொருள் பாதுகாப்பில் ஈடுபட்டோர் இவ்வினாவோடு நெடுங்காலம் போராடியிருக்கின்றனர். நினைவுச் சின்னங்களைப் பற்றி 1964இல் உருவான வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்குப் பதிலாக வைக்கப்படுவது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும் என்றும், அதே வேளையில் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அழகும் உண்மையும் ஒன்றையொன்று விழுங்கிவிடலாகாது என்பதே அதன் சாரம். கோயிலுக்கும் கோட்டைக்கும் சொன்னது காருக்கும் தக்கதே. எனினும் அன்றாடம் கையால் பிடித்து ஓட்டும் ஸ்டியரிங்கில் மேடும் பள்ளமும் நிறவேறுபாடும் இருக்க வேண்டும் என்று எவரையும் வற்புறுத்த முடியாது.

இங்கே நமக்கு வழி காட்டுபவர் புனித தோமா அக்குவினார். விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று அவர் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் ஆராய்கிறார். ஒற்றைக்கண் குதிரையின் குறை எல்லார்க்கும் தெரிவது; அதற்கேற்ப விலையையும் குறைத்துக்கொண்டால், விற்பவர் அதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் குறை மறைவானதாக இருந்து, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கக்கூடியதானால், சொல்லியே தீர வேண்டும். நொண்டும் குதிரையை விரைந்தோடும் குதிரையென்றும், இடியும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பது அநீதி என்கிறார். அவர் காலத்தில் குதிரை; நம் காலத்தில் கார். நெறி மாறவில்லை.

ஆகவே வேறுபாடு வண்ணத்தில் இல்லை. வண்ணத்தின் அடியில் இருப்பதிலும், அடுத்துப் பிடிக்கப் போகும் கைக்கு நாம் சொல்வதிலும் இருக்கிறது. உறை, பழுதைப் பழுதாகவே வைத்து மறைக்கிறது. வண்ணம், ஆற்றப்பட்ட பழுதை மூடுகிறது. ஆற்றாமல் மறைத்தால் அது வஞ்சகம். ஆற்றியபின் மூடினால் அது நாகரிகம். அவ்வாறு மூடியவரும், வண்டியைப் பிறரிடம் ஒப்படைக்கும் நாளில், 'இந்த இடங்களில் வெடித்திருந்தது, இன்னவாறு சரிசெய்தோம், ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

பாவ அறிக்கையின் இரகசியம் குறித்தும் இதே தெளிவு வேண்டும். குருவின் வாய் பூட்டப்பட்டிருப்பது, மனம் வருந்தியவரின் மானத்தைக் காக்க. அதைக் காட்டி, நாம் தீங்கிழைத்த மனிதருக்குச் செய்ய வேண்டிய ஈட்டிலிருந்து தப்பிக்க இயலாது. பாவமன்னிப்பு பாவத்தை அகற்றும். பாவம் விளைவித்த சீர்கேடுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த நற்பெயரை மீட்டுத் தர வேண்டும் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் நினைவூட்டுகிறது. பாவமன்னிப்பு பெற்று வந்தவர் அரத்தையும் உப்புத்தாளையும் கையில் எடுக்க வேண்டியவர்.

தழும்புகளோடு

உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்களின் அடையாளங்கள் ஏன் எஞ்சின? சாவை வென்றவருக்கு ஆணித் தழும்புகளை அகற்றுவது அரிதா? அவை வலுவின்மையின் சின்னங்களாக அன்றி, வெற்றியின் அடையாளங்களாகவும், சீடர்களின் நம்பிக்கையை உறுதிப்படுத்தவும் நிலைத்தன என்று அக்குவினார் விடை தருகிறார். மறைச்சாட்சிகளின் உடல்களிலும் அத்தகைய தழும்புகள் விண்ணகத்தில் அழகாகவே விளங்கக்கூடும் என்று, அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, புனித அகுஸ்தினார் தம் 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் இறுதிப் பகுதியில் எழுதினார். ஐயுற்ற தோமாவுக்கு ஆண்டவர் காட்டியது தழும்பில்லாத ஒரு புத்துடலை அன்று. இங்கே பார், இங்கே தொடு என்று காயத்தின் இடத்தையே காட்டினார். அந்தத் தோமாவின் கல்லறையை மயிலையில் வணங்கும் மக்கள் நாம்.

ஆகவே ஒப்புரவு என்பது எதுவும் நடவாதது போல் இருப்பதன்று. நடந்தது நடந்ததே என ஏற்று, இரும்பு தெரியும்வரை திறந்து, உறுதியானதைக் கொண்டு நிரப்பி, இறுகும்வரை காத்திருந்து, மீண்டும் கைகோத்துப் பயணம் தொடர்வதே ஒப்புரவு. இத்தவக்காலத்தில் நம் இல்லங்களிலும் பங்குகளிலும் போர்த்தியிருக்கும் உறைகளில் ஒன்றையேனும் அவிழ்க்க முன்வருவோமா? பேச்சு நின்றுபோன உறவினரின் வாசலில், 'அன்று நான் செய்தது இது' என்று பெயரிட்டுச் சொல்வது அதற்குப் போதுமான தொடக்கம். அதைச் சொல்ல நா எழாமல் தவிக்கும்போது, தம் தழும்புகளைத் திறந்து காட்டிய ஆண்டவர் நமக்குத் துணை நிற்பாராக.